இருபத்துமூன்றாம் மரம்

வடசேரியில் முதல் கீரிப்பாறை பஸ் ஐந்தரைக்கு.
மூன்று வருடமாக ஏறுகிறேன்.
டிக்கெட் கிழிக்கும்போதே கேட்பார் கண்டக்டர்:
"இன்னைக்கு ஆணா, பெண்ணா?"

கருங்காலியின் குடும்பத்தில் பெரும்பாலும் அப்படித்தான்.
ஆண் ஒரு மரம், பெண் ஒரு மரம்.
மலையேறி
யார் யாரென்று எழுதி வருவது
என் முனைவர் பட்டம்.

பூக்காத மாதங்களில் அவை வாய் திறப்பதில்லை.
புகை பிடித்த அடுப்படிச் சுவராய்ப் பட்டை,
அதன்மேல் மழை வழிந்த தடம்.
மாசிக் கடைசியில், கீழே எஸ்டேட்டில்
ரப்பர் தளிர் செம்பாய் மின்னும்போது
கொத்துக் கொத்தாய்ப் பூத்தால் ஆண்.
இலைக்கக்கத்தில் ஒற்றையாய்க் குந்தியிருந்தால் பெண்.
சுண்டுவிரல் நகத்தளவு குடம், அவ்வளவுதான் பூ.
தகட்டில் எண் அடித்து அறைவோம்,
ஆணியை முழுக்க இறக்காமல்.
மரம் பருக்க இடம் வேண்டுமே.

நாற்பத்தொரு மரம்.
இருபத்தொன்பது ஆண், ஒன்பது பெண்,
மூன்று இன்னும் பூக்கவில்லை.

வாட்சர் சிவதாணு கையில் கருங்காலி மாலை,
இரண்டு சுற்று.
மகள் ஆன்லைனில் எடுத்துக் கொடுத்தது,
எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
"உனக்க லென்ஸ வச்சி ஒண்ணு பாத்துச் சொல்லு பிள்ளே."
உடைந்த மணியொன்றைப் பிளேடால் குறுக்கே சீவினேன்.
பத்து மடங்கில்
இருக்கவேண்டிய மெல்லிய கோடுகள் இல்லை.
துளைகள் பெரிது.
என் விரல்நுனி மட்டும் கறுத்திருந்தது.
எப்படிச் சொல்வதென்று நான் விழிக்க
அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டார்:
"சனி என்ன லென்ஸ் வச்சா பாக்கப் போறான்?"

நிற்கிற மரத்தின் கறுப்பும் அப்படி.
உள்ளே இருக்கிறதா என்று
வெட்டியவனுக்கே தெரியும்.
வெட்டிப் பார்த்து
வெளுப்பென்று விட்டுப்போன அடிமரங்கள்
ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்கின்றன.
அவற்றுக்கு என் பட்டியலில் எண் இல்லை.

இன்று ஜூன் மழை.
இருபத்துமூன்றாம் மரத்தடியில் உட்கார்ந்து
கணுக்காலில் அட்டைக்கு உப்பு வைக்கும்போது
கையெட்டும் தூரத்தில் ஒரு காய்.
நான்கு மடல் புல்லி
பூவோடு உதிராமல் காயோடு வளர்ந்து
தொப்பியாய் ஒட்டியிருந்தது.

குரங்கு போட்டிருக்கும், என்றேன்.
இருவாச்சி, என்றார் சிவதாணு.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.
மேற்குக் கிளை ஒன்றில்
ஆறு காய், நிதானமாக.

இது ஆண்.
இரண்டு மாசியிலும் கொத்தாய்ப் பூத்த ஆண்.
நானே எண்ணினேன், நானே எழுதினேன்,
அட்டவணை நான்கில் கையெழுத்தும் வாங்கியாயிற்று.
பக்கத்து மரத்தின் கிளையோ என்று
சிவதாணு கொக்கி போட்டு உலுக்கினார்.
ஆடியது இருபத்துமூன்றேதான்.
தகடு ஆணியில் கிணுங்கியது.

தடிக்காரன்கோணம் வளைவில்தான் சிக்னல்.
பேராசிரியர் கிறிஸ்டில்டா
சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "இலை எடுத்தியா?
சிலிக்கா ஜெல்லில் போடு. டி.என்.ஏ. பார்ப்போம்.
அதுவரை நீயாக ஒரு பெயரும் வைக்காதே."

களக்குறிப்பில் அழிரப்பர் கூடாது.
தவறின்மேல் ஒரே கோடு,
அடியிலிருப்பது படிக்கத் தெரியவேண்டும்.
பஸ் குலுங்கக் குலுங்க
'ஆண்' என்பதன்மேல் கோடு இழுத்தேன்.
பக்கத்தில் எழுத
எங்கள் படிவத்தில் இரண்டே எழுத்துக்குத்தான் கட்டம்.
ஓரத்தில் எழுதினேன்:
மேற்குக் கிளை, ஆறு. தரையில் ஒன்று.

தரையில் கிடந்ததை ஏன் கடித்தேன் தெரியாது.
பச்சைக் காய்.
முட்டத்தில் அப்பா வலையை முக்கி எடுத்த
பனிச்சங்காயும் இந்தக் குடும்பம்தான்.
கடலில் நூல் இற்றுப்போகாமல்
இறுக்கிப் பிடித்த அதே துவர்ப்பு
நாக்கைச் சுருட்டிக் கட்டியது.

கண்டக்டர் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு வருகிறார்.
கேட்கப் போகிறார்.